கணவர் இல்லாதவருக்கு எதற்கு இந்தச் சோதனை?



"பிள்ளை பெறும் வயதும் போய்விட்டது. அவரும் இல்லை. இனி எனக்கென்ன கிளினிக்?" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகும் பெண்கள் எமது ஊர்களில் ஏராளம். குடும்பநல மாது படலையைத் திறந்து வருவது பெரும்பாலும் கர்ப்பிணிக்காகவோ கைக்குழந்தைக்காகவோதான். அந்தக் காலம் முடிந்ததும் அவரது வருகையும் குறைந்துவிடுகிறது. யுத்தத்தில் கணவரை இழந்தவர்கள், கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர்கள், பிரிந்து வாழ்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் கிளினிக்கின் கண்ணிலிருந்து மெல்ல மறைந்துபோகிறார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் பற்றி இம்மாதம் எழுதுவது முக்கியமாக அவர்களுக்காகவே.

கருப்பையின் கீழ்ப்பக்க வாசலைத்தான் கருப்பைக் கழுத்து என்கிறோம். அங்கு வரும் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணம் எச்.பி.வி. என்னும் வைரசு. உடலுறவினால் தொற்றும் இது மிகச் சாதாரணமானது. பலருக்கு ஓரிரு வருடங்களில் தானாகவே நீங்கிவிடும். சிலருக்குத் தங்கிவிடும். அப்படித் தங்கியது புற்றுநோயாக மாற, நோய் எதிர்ப்புச் சக்தி நன்றாக உள்ள ஒருவரிலேயே 15 முதல் 20 வருடங்கள் வரை செல்லும்.

இந்தக் கணக்கைச் சற்று நிதானமாகப் பாருங்கள். 2009இல் கணவரை இழந்த ஒரு பெண், அவருடன் வாழ்ந்த காலத்தில் இந்த வைரசைப் பெற்றிருந்தால், அது தன் வேலையைக் காட்டும் காலம் இப்போதுதான். கணவர் ஒருவரைத் தவிர வேறெவரையும் அறியாத பெண்ணுக்கும் இது வரலாம். ஆகவே இறந்தவர் மீதோ இருப்பவர் மீதோ பழி சுமத்த இதில் ஒன்றுமில்லை.

உலகில் 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 350,000 பெண்கள் இந்நோயால் இறந்தார்கள். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் எம்மைப் போன்ற வறிய, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். செல்வந்த நாடுகளில் இம்மரணங்கள் குறைந்ததற்குப் பெரிய காரணம் பப் பரிசோதனை. கருப்பைக் கழுத்திலிருந்து சில கலங்களை மெதுவாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் பூசி, நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். புற்றுநோயாக மாறுவதற்கு முன்பே மாற்றம் தெரிந்துவிடும்.

கிராமத்தில் இது தடுமாறும் இடம் வேறு. தகடு நகரத்துக்குப் போகவேண்டும், அங்கே பார்த்து முடிவு திரும்பவேண்டும், பெண்ணும் இன்னொரு நாள் வரவேண்டும். நாட்கூலிக்குப் போகிறவருக்கு அந்த இன்னொரு நாள் என்பது ஒருநாள் சம்பளமும் பஸ் காசும். பலர் முடிவைக் கேட்க வருவதேயில்லை. முடிவு தெரியாத சோதனை செய்யாத சோதனைக்குச் சமம்.

இந்தச் சிக்கலைக் கிராமத்திலேயே தீர்க்க முடியுமா என்று பார்க்க, தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டில் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். 30 முதல் 59 வயது வரையான 31,000க்கும் அதிகமான பெண்களைப் பயிற்சி பெற்ற தாதியரே பரிசோதித்தனர். வினாகிரி போன்ற அமிலக் கரைசலைத் தடவிச் சிறிது பொறுத்தால், பழுதான இடம் வெள்ளையாகத் தெரியும். தகடும் இல்லை, காத்திருப்பும் இல்லை. தேவையானவருக்கு அங்கேயே குளிரூட்டிச் சிகிச்சை. 2007இல் வெளியான முடிவின்படி, சோதனை நடந்த கிராமங்களில் இந்நோயால் ஏற்படும் மரணம் 35 வீதம் குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வழக்கமான வசதிகளோடு மட்டும் விடப்பட்ட கிராமங்களின் பெண்களை நினைக்கும்போது மனம் சங்கடப்படத்தான் செய்கிறது. இம்முறைக்கு ஒரு குறையும் உண்டு. மாதவிடாய் நின்றவர்களுக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது.

இப்போது உலக சுகாதார நிறுவனம் முதலில் பரிந்துரைப்பது எச்.பி.வி. வைரசையே தேடும் சோதனையை. இதற்கான மாதிரியைப் பெண் தானே, மறைவாக, பஞ்சுக்குச்சி போன்ற ஒன்றினால் எடுத்துக் கொடுக்கவும் முடியும். வெட்கப்பட்டு ஒதுங்குபவர்களுக்கு இது பெரிய விடுதலை. இலங்கையிலும் இச்சோதனை படிப்படியாக அறிமுகமாகி வருகிறது. உங்கள் பகுதிக்கு வந்துவிட்டதா என்று கேட்டுப் பாருங்கள்.

எமது நாட்டில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடக்கின்றன. பணம் தேவையில்லை. 35 வயதினரையும் 45 வயதினரையும் முக்கியமாக எதிர்பார்க்கிறார்கள். அந்த வயது தாண்டிவிட்டது என்று நின்றுவிடாமல் போய்க் கேளுங்கள். நீங்கள் விவாகமானவரா, விதவையா என்பது அங்கே ஒரு நிபந்தனை அல்ல.

"புருஷன் இல்லாதவளுக்கு அங்கே என்ன வேலை?" என்று வேலிக்கு அப்பால் யாராவது கேட்கக்கூடும். அதே கிளினிக்கில் பிரஷர், சீனி, மார்பகம் எல்லாம் பார்க்கிறார்கள். "பிரஷர் பார்க்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள், பொய்யும் இல்லை.

இன்னொன்றை மெதுவாகச் சொல்ல வேண்டும். யுத்த காலத்திலோ பின்னரோ உடலளவில் கொடுமைக்கு உள்ளானவர்களுக்கு, அந்தப் பரிசோதனைக் கட்டிலில் ஏறுவதே பெரும் பாடு. நடந்ததை நீங்கள் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. "எனக்குப் பயம், மெதுவாகச் செய்யுங்கள், சொன்னால் நிறுத்துங்கள்" என்று மட்டும் சொன்னால் போதும். பெண் உத்தியோகத்தர்தான் வேண்டும் என்று கேட்கலாம். நம்பிக்கையான ஒருவரைக் கூட அழைத்துச் செல்லலாம்.

மாதவிடாய் நாட்களில் பப் பரிசோதனைக்குப் போகவேண்டாம். மாதவிடாய் நின்றபின் இரத்தம் படுதல், இடையில் இரத்தம் படுதல், உறவின்பின் இரத்தம், துர்நாற்றமுள்ள வெள்ளைபடுதல் இருந்தால் கிளினிக் நாளுக்காகக் காத்திராமல் நேரே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். மகள்மாருக்கு 2017 முதல் பாடசாலையில், 6ஆம் வகுப்பில், எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள், கட்டாயம் போடச் செய்யுங்கள். ஆனால் ஏற்கெனவே தொற்றிய வைரசை அந்த ஊசி நீக்காது, ஆகவே தாய்க்குச் சோதனைதான் வழி.

முடிவில் "மாற்றம் உண்டு" என்று எழுதியிருந்தால் அது புற்றுநோய் என்று அர்த்தமல்ல. உருப்பெருக்கிக் கருவியால் மறுபடி பார்த்து, தேவையானால் பழுதான சிறு பகுதியை அகற்றுவார்கள். அதற்கும் மேலே சிகிச்சை வேண்டியிருந்தால், வடக்கில் உள்ளவர்கள் முன்போல எல்லாவற்றுக்கும் மகரகமவுக்குப் போகவேண்டியதில்லை. தெல்லிப்பழையில் 2013 முதல் புற்றுநோய் வைத்தியசாலை இயங்குகிறது.

கிளினிக் நாளும் நேரமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சொல்வார்கள். சோதனை முடிந்து எழும்பும்போதே, முடிவு எந்தத் திகதிக்கு வரும், யாரிடம் கேட்பது என்று விசாரித்து, துண்டில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.