தரையோரத்துச் சிறுவிளக்குகள்

விமானத்தில் ஏறி அமர்ந்ததும் பணியாளர்கள் அவசர வழிகளைச் சுட்டிக்காட்டி அளிக்கும் விளக்கத்தை நம்மிற் பலர் கவனிப்பதில்லை. மொழி புரியாமை ஒரு காரணம். பயணத்தின் பதற்றம் மற்றொன்று. ஆயினும் அந்த விளக்கத்தின் பின்னால் மாண்டுபோன மனிதர்கள் இருக்கின்றார்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

1983 யூன் 2 ஆம் திகதி, டலஸ் நகரிலிருந்து ரொறன்ரோ நோக்கி வந்துகொண்டிருந்த எயர் கனடா விமானத்தின் பின்புறக் கழிப்பறைப் பகுதியில் தீ மூண்டது. விமானம் சின்சினாற்றியில் தரையிறங்கிவிட்டது. ஆனால், கதவுகள் திறக்கப்பட்டுச் சுமார் ஒன்றரை நிமிடத்துக்குள் உட்புறம் முழுவதையும் தீ விழுங்கியது. 46 பேரில் 23 பேர் மாண்டனர். கழிப்பறைகளிற் புகை உணர்கருவிகளும், இலகுவில் தீப்பற்றாத இருக்கைகளும், புகையிருளில் வழிகாட்டும் தரையோர விளக்குகளும் அமெரிக்காவிற் சட்டத் தேவைகளானது இதன் பின்னரே.

1977 மார்ச் 27 ஆம் திகதி, தெனெரீஃப் தீவில் மூடுபனிக்குள் இரு பெரும் விமானங்கள் ஓடுபாதையில் மோதியதில் 583 பேர் பலியாகினர். புறப்பட அனுமதி கிடைக்குமுன்னரே தலைமை விமானி ஒருவர் விமானத்தைச் செலுத்தினார். ஓடுபாதையில் மற்றைய விமானம் இன்னும் நிற்கிறதோ என்று அவருடைய பொறியியலாளர் எழுப்பிய ஐயம் தட்டிக்கழிக்கப்பட்டது. மூத்தவர் தவறும்போது இளையவர் துணிந்து சொல்லவும், மூத்தவர் அதற்குச் செவிசாய்க்கவும் விமானிகளுக்குப் பயிற்சியளிக்கும் வழக்கம் இத்தகைய விபத்துகளிலிருந்தே பிறந்தது.

விபத்து விசாரணையின் நோக்கம் பழி சுமத்துவதன்று, மீண்டும் நிகழாது தடுப்பதே என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த நெறி. காரணம் கண்டறியப்பட்டு, வெளிப்படையாக அறிவிக்கப்பட்டு, விதியாக மாறும்போதுதான் இறப்புகளிலிருந்து பாதுகாப்புப் பிறக்கின்றது.

ஆனால் பாடம் தாமதமானால் அதன் விலையும் உயிர்களே. 2018 ஒக்ரோபரில் இந்தோனேசியாவில் போயிங் 737 மக்ஸ் விமானம் கடலில் வீழ்ந்து 189 பேர் மாண்டனர். ஒரேயோர் உணர்கருவியின் பிழையான தரவை நம்பி, விமானத்தின் மூக்கைக் கீழ்நோக்கித் தள்ளிய தானியங்கி ஏற்பாடு அதில் இருந்தது. அவ்வகை விமானங்கள் தொடர்ந்து பறக்கவிடப்பட்டன. ஐந்து மாதங்களுக்குள் எத்தியோப்பியாவில் மேலும் 157 பேர் பலியான பின்னரே அவை உலகெங்கும் நிறுத்தப்பட்டன. முதல் விபத்தைத் துரதிர்ஷ்டம் எனலாம். இரண்டாவதை அவ்வாறு கூற நாம் தயாரில்லை.

பயணிகளாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. 2024 ஜனவரி 2 ஆம் திகதி ரோக்கியோவின் ஹனெடா விமான நிலையத்தில், கரையோரக் காவல்படை விமானத்துடன் மோதித் தீப்பற்றிய ஜப்பான் எயர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும் உயிருடன் வெளியேறினர். பைகளை விட்டுவிட்டு வருமாறு பணியாளர் கூவியதைப் பெரும்பாலானோர் மதித்தமை அதற்குப் பெரிதும் உதவியது.

அகதியாக வந்தவனுக்குக் கைப்பையைக் கைவிடுவது எளிதன்று. வதிவிட அனுமதியும் வழக்குப் பத்திரங்களும் அதற்குள்ளேதான் இருக்கும். ஆகவே அவற்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வோம். மொழி புரியாவிடினும் முன்னிருக்கையிலுள்ள பட அட்டையைப் பார்ப்போம். கதவுவரை எத்தனை வரிசை என்று எண்ணிக்கொள்வோம். பத்திரத்துக்குப் பிரதி பெறலாம். உயிருக்குப் பிரதி இல்லை.