ஒன்பது வெற்றிகளும் ஒரு மறுப்பும்

விளையாட்டின் வரலாற்றை வெற்றிப் பட்டியல்களைக் கொண்டே அறியப் பழகிவிட்டோம். யார் வென்றார், எத்தனை புள்ளிகள், கோப்பை எவர் கையில் என்பதோடு நம் வினாக்கள் முடிந்துவிடுகின்றன. அந்தப் பட்டியலில் இடம்பெறாத ஒரு பருவத்தைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல விழைகிறோம்.

1951ஆம் ஆண்டு. இயேசு சபையார் நடத்தும் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி அது. அமெரிக்கர் கால்பந்து என்றழைப்பது நாம் அறிந்த ஆட்டமன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியின் எல்லைக்கோட்டை நோக்கிப் பாயும் முரட்டு ஆட்டம். ஜோ குஹாரிச் என்னும் பயிற்சியாளரின் கீழ் அவ்வணி அந்தப் பருவத்தில் 9 ஆட்டங்கள் ஆடியது, ஒன்பதிலும் வென்றது. நியூயார்க் சென்று ஃபோர்டாம் அணியை 32-26 என்ற கணக்கில் வீழ்த்தியது; பசிபிக் கல்லூரி அணியை 47-14 எனத் தகர்த்தது. அணியின் முதன்மை ஓட்ட வீரர் ஆலி மாட்சன் பந்தோடு ஓடிக் கடந்த தொலைவு 1,566 கஜம். அவ்வாண்டு நாட்டிலேயே அவரை விஞ்சியவர் எவருமிலர்.

பருவ முடிவில், சிறந்த அணிகளைத் தேர்ந்தழைத்து நடத்தப்படும் ஆட்டங்களுக்குப் 'பௌல்' ஆட்டங்கள் என்று பெயர். புகழும் பணமும் அங்கேதான் இருந்தன. பெரும் கடனில் தத்தளித்த அக்கால்பந்துத் துறைக்கு ஓர் அழைப்பு உயிர்மூச்சாக இருந்திருக்கும். ஆனால் அவற்றுட் பல நிறவேற்றுமை கோலோச்சிய தென்மாநிலங்களில் நடந்தன. மாட்சனும், அவருடைய தோழர் பர்ல் டோலரும் கறுப்பினத்தவர். அவ்விருவரையும் விட்டுவிட்டு வருவதாயின் அழைப்பு உண்டு என்னும் செய்தி எட்டியது என்றும், அதன்மேல் நீண்ட விவாதம் எதுவும் நிகழவில்லை என்றும் அணியினர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளனர். அனைவரும் போவோம், இல்லையேல் எவரும் போவதில்லை என்பதே அவர்கள் முடிவு. எவரும் போகவில்லை. எதிர்த்தாடிய அணிகள் வலுவற்றவை என்பது வெளியில் சொல்லப்பட்ட காரணம். 1952 சனவரி முதல் நாள் மயாமியில் நடந்த ஆரஞ்சு பௌல் ஆட்டத்தில் ஜார்ஜியா டெக் அணி பேய்லர் அணியை 17-14 என வென்றது. சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகமோ அந்தப் பருவத்தோடு தன் கால்பந்து அணியையே கலைத்துவிட்டது.

இக்கதை இன்று பலவாறு போற்றப்படுகிறது. போற்றும் முறையில்தான் எமக்கு இரண்டு மாறுபாடுகள் உண்டு.

முதலாவது, இதனைத் 'தியாகம்' என்பது. இச்சொல் வெள்ளை வீரர்களைக் கொடையாளிகளாகவும், மாட்சனையும் டோலரையும் கொடை பெற்றவர்களாகவும் ஆக்கிவிடுகிறது. ஒன்பது வெற்றிகளையும் சேர்ந்தே ஈட்டியவர்கள் அவர்கள். ஈட்டியவனுக்கு அவன் பங்கை மறுக்காதிருப்பது கொடையாகாது, நேர்மையாகும். மேலும், தம் பொருட்டு அணியே அழிகிறது என்ற பாரத்தைச் சுமந்த அவ்விருவரின் நிலையை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

இரண்டாவது, 'இறுதியில் அறம் வென்றது' என்னும் ஆறுதல். சான்றுகள் இருக்கவே செய்கின்றன. மாட்சன் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இரு பதக்கங்கள் பெற்றார். அவரும் ஜீனோ மார்க்கெட்டியும் பாப் செயின்ட் கிளேரும் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்மன்றத்தில் இடம்பெற்றனர். அணியின் விளம்பரப் பொறுப்பாளராயிருந்த இளைஞர் பீட் ரோசல் 1960இல் தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைமை ஆணையரானார். முழங்காற் காயத்தால் ஆட்டவாழ்வை இழந்த டோலர், 1965இல் அக்கூட்டமைப்பின் முதல் கறுப்பின நடுவரானார். ஆயினும் இவை அவரவர் உழைப்பின் விளைவுகள். 1951இன் மறுப்புக்கு எவரும் அளித்த பரிசுகளல்ல. அவர்கள் புகழடையாது போயிருந்தாலும் அம்மறுப்பு சரியானதாகவே இருந்திருக்கும். நற்செயலுக்குப் பின்னாளில் கூலி கிடைத்ததென்று காட்டினால்தான் அதை மதிப்போமெனில், கூலி கிடைக்காத நற்செயல்களை என்செய்வது? இழந்த ஆட்டம் இழந்ததுதான். அவ்வணியினருக்குப் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது 2006இல். அதாவது 55 ஆண்டுகள் கழித்து.

ஒன்றைச் சொல்லி முடிப்போம். அப்பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதியொன்று ஜேம்ஸ் ஃபீலன் என்பவர் பெயரைத் தாங்கி நின்றது. நகரத்தந்தையாகவும் செனட்டராகவும் இருந்த அவர், ஜப்பானியர் உள்ளிட்ட ஆசியக் குடியேறிகளுக்கு எதிராகப் பரப்புரை செய்தவர். 2017இல் மாணவர் கோரிக்கைக்கு இணங்கி அப்பெயர் நீக்கப்பட்டு, விடுதிக்குப் பர்ல் டோலரின் பெயர் சூட்டப்பட்டது. டோலர் மறைந்து அப்போது எட்டாண்டுகள் ஆகியிருந்தன. அவர் அதைக் காணவில்லை. எனினும் இன்று அங்கே வந்து தங்கும் மாணவன் ஒருவன், யார் இந்த டோலர் என்று கேட்டே தீர வேண்டியிருக்கும். அந்த ஒரு கேள்வி, தாமதமாக வந்த பட்டங்கள் அனைத்தையும்விட மேலானதென்றே நாம் கருதுகிறோம்.