வானிலைப் பயிலரங்கும் வாசலில் நிற்போரும்

புனேயில் பயிலும் நமக்கு வானிலை விஞ்ஞானம் அயலான பொருளன்று. இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் 1928-இல் சிம்லாவை விட்டு இந்நகருக்குத்தான் வந்தது. பிறகே டில்லி சென்றது. 1962-இல் தோன்றிய வெப்பமண்டல வானிலை ஆய்வுக்கழகம் பாஷானில் இருக்கிறது. துறையினர்க்குப் பயிற்சி அளிக்கும் நிலையமும் இவ்வூரிலேயே உண்டு. ஆகவே, "வளிமண்டல ஆராய்ச்சியாளர்க்கும் அலுவலர்க்கும் தொழில்திறன் பயிலரங்கு" என்ற அறிவிப்பு நம் பலகையில் அடிக்கடி தொங்குகிறது. நம் மன்றத்தார் சிலரும் போய் வருகிறோம்.

மனத்தில் பட்டதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் கண்ட பயிலரங்குகளில் ஆராய்ச்சியாளர் இருந்தார். அலுவலர் அழைப்பிதழில் மட்டுமே இருந்தார்.

கணிப்பொறியில் பருவமழையைக் கணிப்பது எப்படி, ஆய்வுக் கட்டுரை எழுதுவது எப்படி, நிதி வேண்டி விண்ணப்பிப்பது எப்படி என்று இரண்டு நாள் பாடம் நடக்கும். இவை வேண்டாமென்று யார் சொன்னார்? ஆனால் அந்தக் கணிப்பொறிக்குள் புகும் எண் எங்கிருந்து வருகிறது? காலை எட்டரை மணிக்கு மழைமானியின் முன் குனிந்து அளவெடுக்கும் ஒருவரிடமிருந்து வருகிறது. ஈரக்குமிழ் வெப்பமானியின்மேல் சுற்றிய மஸ்லின் துணி அழுக்கேறினால் நீர் சரியாக ஆவியாகாது. குமிழ் குளிர வேண்டிய அளவு குளிராது. காற்றில் இல்லாத ஈரத்தை இருப்பதாகக் காட்டும். அந்தத் துணியை யார் மாற்றுகிறார், எப்போது மாற்றுகிறார் என்பது ஆராய்ச்சி மாணவர் எத்தனை பேருக்குத் தெரியும்?

"இனி எல்லாம் தானியங்கி நிலையந்தானே!" என்று சிரிப்பார் ஒரு நண்பர். தானியங்கியின் புனலில் சருகு விழாதா? சிலந்தி அதற்குள் கூடு கட்டாதா? சிலந்திக்குத் தானியங்கியென்றால் தனி மரியாதை ஒன்றும் இல்லை!

அன்னா மாணியை நினையுங்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர். 1948-இல் இதே புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். ஏறத்தாழ நூறு வானிலைக் கருவிகளின் வரைபடங்களைச் செந்தரப்படுத்தி, அவற்றை இந்நாட்டிலேயே செய்ய வழி வகுத்தார். கருவியைத் தொடுவது ஆராய்ச்சியாளரின் தகுதிக்குக் குறைவென்று அவர் நினைத்திருந்தால் அது நடந்திருக்குமா?

இது ஒரு முனை. மறு முனையோ இன்னும் கொடியது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலில் உருவெடுத்தது. ஆழ்கடலுக்கு முன்பே போய்விட்ட படகுகளுக்குச் செய்தி எட்டவில்லை. தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஆடவரை இழந்தன. கரைக்கும் படகுக்கும் தொடர்பில்லாதது பெருங்குறை. அதைப் பயிலரங்கு தீர்க்காது. ஆனால் செய்தி எட்டிய இடத்திலும் அது எந்த மொழியில் எட்டுகிறது? "காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்" என்கிறது அறிக்கை. கடலோடியோ கொண்டல், வாடை, கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லி அழைப்பவர். இவ்விரு மொழிகளுக்கும் இடையே பாலம் போடுவது எந்தப் பயிலரங்கின் பாடத்தில் இருக்கிறது?

சென்னை மையத்திலிருந்து 2016 வரை தமிழில் பேசிய எஸ். ஆர். ரமணனை வீட்டுக்கு வீடு அறிந்திருந்தார்கள். விடுமுறைக்காக அவர் வாயைப் பார்த்துக் காத்திருந்த பள்ளிப் பிள்ளைகளில் நானும் ஒருவன். அது ஒருவருடைய தனித்திறமையாகவே நின்றுவிடலாமா? அறிக்கை எழுதுகிற ஒவ்வோர் அலுவலருக்கும் அதைக் கற்பிக்க முடியும், கற்பிக்க வேண்டும்.

நான் கேட்பது பெரிதன்று. பயிலரங்கில் அரைநாள் ஆராய்ச்சி மாணவர் அனைவரும் கருவித் தோட்டத்தில் நிற்கட்டும்; நோக்கர் ஆசிரியராக இருக்கட்டும். அவருக்குப் பயணப்படியும் பணிவிடுப்பும் கொடுத்தே அழைக்க வேண்டும். வெறும் அழைப்பிதழால் யாரும் வர முடியாது. மற்றோர் அரைநாள், மீன்வளத் துறையினரையும் துறைமுக அறிவிப்பாளர்களையும் அமர்த்தி, ஒரே எச்சரிக்கையை அவரவர் தாய்மொழியில் எழுதிப் பார்க்கட்டும். தமிழுக்கு நம் மன்றம் துணை நிற்கும்.

இக்கோரிக்கைகளை எழுதிய விண்ணப்பம் மன்ற அறையில் மேசைமேல் இருக்கிறது. வளிமண்டல விஞ்ஞானம் பயில்வோர் மட்டுமல்ல, கடற்கரை ஊரிலிருந்து வந்த எவரும் கையொப்பம் இடலாம். வரும் வெள்ளிக்கிழமை அதைத் துறைத்தலைவரிடம் கொடுக்கப் போகிறோம்.