காதுக்குள் பார்க்கும் படம் கூலிக்காரன் குழந்தைக்கும் வேண்டும்!

திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் நாற்று நடும் ஒரு தாய், மூன்று வயது மகனைத் தூக்கிக்கொண்டு நமது சங்க அலுவலகத்துக்கு வந்தார். வேட்டுச் சத்தத்துக்கும் அவன் திரும்புவதில்லை. "வளர்ந்தால் பேசுவான்" என்று ஊரார் சொல்ல, கோவில் கோவிலாக இரண்டு வருஷம் போயிற்று. கடைசியில் ஒரு டாக்டர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். கூலியை இழந்து இரண்டு முறை வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போனார். "மயக்க டாக்டர் இல்லை" என்று இரண்டு முறையும் திருப்பி அனுப்பினார்கள்.

இந்த ஸ்கேன் எதற்கு?

உள்காதில் நத்தைக் கூடு போல் இரண்டரைச் சுற்றுள்ள குழல் இருக்கிறது. சத்தம் அங்கே நரம்புச் செய்தியாக மாறி மூளைக்குப் போகிறது. 1791-ல் இத்தாலிய டாக்டர் மொண்டினி, பிறவியிலேயே காது கேளாத எட்டு வயதுச் சிறுவனின் குழலில் ஒன்றரைச் சுற்றே இருக்கக் கண்டார். ஆனால் வண்டியில் அடிபட்டு அவன் இறந்த பிறகுதான் அதைக் காண முடிந்தது!

இன்று உயிருள்ள குழந்தையின் காதுக்குள்ளேயே பார்க்கலாம். சி.டி. ஸ்கேன் எலும்பின் அமைப்பைக் காட்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கேள்வி நரம்பைக் காட்டும். அந்த இயந்திரத்துக்குள் குழந்தை அசையாமல் படுக்காது. அதனால்தான் மயக்க டாக்டர்.

பெரும்பாலான குழந்தைகளுக்குப் படத்தில் கோளாறு தெரியாது. கருவி பொருத்த வழி தெளிவாகும். குழலே உருவாகவில்லை என்றால் காக்ளியர் கருவி பொருத்த முடியாது. நரம்பு இல்லையென்றால் பொருத்தியும் பயனிராது. உள்காதின் ஒரு கால்வாய் அகன்றிருந்தால், தலையில் படும் சிறு அடியும் மிச்சமுள்ள கேள்வியைக் கெடுக்கக்கூடும். தாய்க்கு இது தெரிய வேண்டாமா?

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கருவி இலவசம். நல்லது. ஆனால் மூளை பேச்சைக் கற்பது முதல் சில வருஷங்களில்தான். பணமுள்ளவன் பிள்ளைக்கு அன்றே படம். கூலிக்காரன் பிள்ளைக்கு "அடுத்த வாரம் வா" என்றால், இலவசக் கருவி இருந்தும் காலம் போய்விடுகிறது. இது என்ன நியாயம்?

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஜில்லாவின் குழந்தைகளுக்கு வாரம் ஒரு நாள், மயக்க டாக்டரோடு, ஸ்கேனுக்கு அங்கே உறுதியாக ஒதுக்கப்பட வேண்டும். பிரசவம் நடக்கும் ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரியிலும் கேள்விச் சோதனை நடக்க வேண்டும். பஸ் செலவும் இழந்த கூலியும் தர வேண்டும்.

ஆலைத் தோழர்களே, விவசாயத் தொழிலாளர்களே! சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். உங்கள் தெருவில் சத்தத்துக்குத் திரும்பாத குழந்தை இருந்தால், நாளைக்கு என்று தள்ளாமல் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.