சுக்கானில் கை வைக்குமுன்



எழுவைதீவுக்குப் பாலம் கிடையாது. ஊர்காவற்றுறையிலிருந்து படகில்தான் போக வேண்டும். கார் உள்ளவரும் அதை இக்கரையில் விட்டுவிட்டே படகேற வேண்டும். வெயிலிலும் உப்புக்காற்றிலும் நாள் கணக்கில் நிற்கும் காரில் ஸ்டியரிங் வளையத்தின் மேலுறை நாளடைவில் வெடிக்கும், உரியும். "நடுவில் ஒரு நட்டுத்தானே, வீட்டிலேயே மாற்றிவிடலாம்" என்று தோன்றும். மாற்றலாம். ஆனால் எல்லாக் காரிலும் அல்ல.

முதலில் உங்கள் காரின் ஸ்டியரிங் நடுவைப் பாருங்கள். எஸ்.ஆர்.எஸ். அல்லது ஏர்பேக் என்று எழுதியிருந்தால் ஸ்பெனரைக் கீழே வையுங்கள். அந்த மூடிக்குப் பின்னால் இருப்பது வெறும் பஞ்சுப்பை அல்ல. வெடிமருந்து போன்ற ஒரு பொருள் பற்றி எரிந்து, கண் இமைக்கும் நேரத்தில் காற்றுப்பையை ஊதிவிடும். கழற்றும்போது அது வெடித்தால் முகமும் கையும் என்னவாகும்?

பற்றரியைக் கழற்றிய பின்னரும் சிறிது நேரம் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். அதற்காகவே டொயோட்டா 90 வினாடியும் ஹொண்டா 3 நிமிடமும் காத்திருக்கச் சொல்கின்றன. இந்த வேலையைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடமே விடுங்கள். பழைய ஜப்பான் கார் வாங்கியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தகாட்டா நிறுவனத்தின் காற்றுப்பைகள் நீண்டகால வெப்பத்தாலும் ஈரத்தாலும் பழுதாகி, வெடிக்கும்போது இரும்புத் துண்டுகளை வீசியதால் உயிர்கள் போயின. 2008 முதல் உலகெங்கும் கோடிக்கணக்கான கார்கள் திருத்தத்துக்கு அழைக்கப்பட்டன. சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்து, உங்கள் கார் அவற்றில் ஒன்றா என்று கம்பனி முகவரிடம் கேளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஆஸ்டின், மொரிஸ் கார்கள் பலருக்கு நினைவிருக்கும். அவற்றைப் போலக் காற்றுப்பை இல்லாத பழைய காரானால், வாகனக் கைநூலை அருகில் வைத்துக்கொண்டு நீங்களே செய்யலாம்.

காரைச் சமதரையில் நிறுத்தி, முன்சில்லுகளை நேராக்கி, கைப்பிரேக்கை இழுத்துவிடுங்கள். பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். சிறுபிள்ளைகளை அண்டவிடாதீர்கள். ஹோர்ன் மூடியை எடுத்த பின், தண்டிலும் வளையத்திலும் ஒரே நேர்கோட்டில் பெயின்ட் அடையாளம் இடுங்கள். நட்டைத் தளர்த்தும்போது ஸ்டியரிங் பூட்டை நம்பாமல், வீட்டில் ஒருவரை வளையத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். நட்டை முழுவதும் கழற்றாமல் இரண்டு மூன்று மரை விட்டுவையுங்கள். இல்லாவிட்டால் இழுத்த வேகத்தில் வளையம் உங்கள் முகத்திலேயே வந்து மோதும். வளையம் அசையாவிட்டால் புல்லர் போடுங்கள். சுத்தியலால் அடித்தால் தண்டும் பெயரிங்கும் கெட்டுவிடும்.

புதிய வளையத்தின் பற்கள் தண்டின் பற்களோடு தாமாகப் பொருந்த வேண்டும். பொருந்தாததைப் பலவந்தமாக ஏற்றாதீர்கள். நட்டைக் கைநூல் சொல்லும் அளவுக்கு டார்க் ஸ்பெனரால் இறுக்குங்கள். பிறகு ஹோர்னையும் சிக்னலையும் பார்த்துவிட்டு, ஆளில்லாத வழியில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சில நாள் கழித்து நட்டை மறுபடி சோதியுங்கள்.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்கிறீர்களா? 2023 மார்ச்சில் அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு டெஸ்லா மாடல் ஒய் கார்கள் பற்றி விசாரணை தொடங்கியது. இரண்டு புத்தம் புதிய கார்களில், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டியரிங் கையோடு கழன்று வந்ததாகப் புகார். வளையத்தைத் தண்டோடு பிணைக்கும் போல்ட்டைப் போடாமலே கார்கள் உரிமையாளர் கைக்குப் போயிருந்தன. பெரிய தொழிற்சாலையிலேயே ஒரு போல்ட் மறந்துபோகுமென்றால், நம் வீட்டு முற்றத்தில் மறக்காதா?

படகேறும்போது சுக்கான் சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் உட்காருகிறோம். உங்கள் காரில் ஏறும் மனைவி மக்களும் அதே நம்பிக்கையில்தான் உட்காருகிறார்கள். மனதில் சிறு சந்தேகம் இருந்தாலும் காரை எடுக்காதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள்.