மாப்பிள்ளைக்கு ஒரு வாட்ச்

போன மாதம் ஒரு மத்தியானம். சமையலறையை ஒழித்துவிட்டு அப்பாடா என்று உட்காரப் போகிறேன், என் சிநேகிதி வந்து நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. அவள் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம். கையில் சீர்ப் பட்டியல்.

"மத்ததெல்லாம் சமாளிச்சுடுவேன்டி. இது ஒண்ணுதான் தொண்டையில் நிக்கறது. மாப்பிள்ளைக்கு சுவிஸ் வாட்ச் வேணுமாம். பாட்டரி போட்டது கூடாதாம், ஸ்பிரிங்கில் ஓடறதுதான் வேணுமாம். மூணு லட்சம் ஆகுமாம். வளையலை அடகு வெச்சுடலாம்னு பார்க்கறேன். அதில் அப்படி என்னதான் இருக்குன்னு பார்த்துட்டு வரலாம், வா."

போனோம். கடைக்காரப் பிள்ளை வெல்வெட் தட்டில் ஒரு வாட்சைக் கவிழ்த்து வைத்து, பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். வாட்சின் பின்மூடி கண்ணாடி. உள்ளதைச் சொல்கிறேன், சகோதரிகளே, ஒரு நிமிஷம் விலையை மறந்தே போனேன்!

உள்ளே சுருட்டி வைத்த எஃகு நாடா ஒன்று. அதுதான் மெயின் ஸ்பிரிங். சாவி கொடுத்தால் இறுகும்; தளரத் தளரப் பல் சக்கரங்களைச் சுழற்றும். சும்மா விட்டால் ஒரே மூச்சில் அவிழ்ந்துவிடும் அல்லவா? அப்படி ஆகாமல் அளந்து அளந்து விடுவது, முன்னும் பின்னும் ஆடும் பாலன்ஸ் வீல். அதை ஆட்டி வைப்பது தலைமயிர் போன்ற ஹேர் ஸ்பிரிங். நான் பார்த்த வாட்சில் விநாடிக்கு 8 ஆட்டம். நாளைக்கு 6,91,200! ஆட்டோமேட்டிக் என்றால், கை அசையும்போது உள்ளே ஒரு அரைவட்டத் தகடு சுற்றித் தானே சாவி கொடுத்துக்கொள்ளும். '17 கல்', '21 கல்' என்கிறார்களே, அது அழகுக்கு அல்ல. சக்கரங்களின் அச்சு தேயாமலிருக்கப் பதித்த செயற்கைக் கெம்பு.

சுவிட்ஸர்லாந்தில் ஜூரா மலைத்தொடரில் ஜூ பள்ளத்தாக்கு என்று ஓர் இடம். பனிக்காலத்தில் வயல் வேலை இல்லாத குடும்பங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து கடிகார உறுப்புகள் செய்து பழகிய பூமி. உயர்ந்த வாட்சில் ஒவ்வொரு தகட்டின் விளிம்பையும் சாய்வாகச் சீவிக் கையாலேயே மெருகேற்றுகிறார்கள். அதற்கு ஜென்ஷன் என்ற மலைச்செடியின் காய்ந்த தண்டுகூட உதவுகிறது. எஃகுத் திருகாணியைச் சூடு காட்டினால் முதலில் வைக்கோல் நிறம், பிறகு ஊதா, பிறகு நீலம். நீலம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் நிறம் போய்விடும். நாம் பாகுக்குப் பதம் பார்ப்பது போலத்தான்! டயலுக்கு அடியில், யார் கண்ணிலும் படாத பாகத்துக்கும் இதே மெருகு. ரவிக்கையின் உட்புறத் தையலைத் திருப்பிப் பார்த்துத்தானே தையற்காரரை எடை போடுகிறோம்? அதே கணக்கு இதற்கும். சுவிட்ஸர்லாந்தும் பிரான்ஸும் காத்துவரும் இந்தக் கைத்தொழிலை யுனெஸ்கோ 2020-ல் மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

சரி, இவ்வளவு விலை கொடுத்தால் மணி கரெக்டாகக் காட்டுமா? அங்கேதான் வேடிக்கை. 1969 டிசம்பர் 25-ம் தேதி ஜப்பானின் ஸீகோ கம்பெனி முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தைக் கடைக்குக் கொண்டுவந்தது. இன்று சாதாரண பாட்டரி வாட்ச் மாதத்துக்குச் சுமார் 15 விநாடி தவறினால் அதிகம். சுவிஸ் நாட்டு அதிகாரபூர்வ சோதனையில் 15 நாள் இருந்து தேறிய ஸ்பிரிங் வாட்சுக்கோ, நாளொன்றுக்கே 4 விநாடி பிந்தவும் 6 விநாடி முந்தவும் அனுமதி உண்டு! ஆக, லட்சங்கள் போவது நேரத்துக்கு அல்ல, கைவேலைக்கும், பெயருக்கும். லட்ச ரூபாய் வாட்சிலும் மெஷின் மெருகே இருப்பதுண்டு. "எது கையால் செய்தது?" என்று கேட்டு வாங்குவது நம் சாமர்த்தியம்.

"பெண்களுக்கு உள்ளதைக் காட்டுங்கள் தம்பி" என்றேன். சுற்றிலும் வைரம் இழைத்த ஒன்றை எடுத்தார். உள்ளே பாட்டரி. "லேடீஸ் மெஷினெல்லாம் கேக்கறதில்லை மேடம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கைக்கடிகாரமே பெண்ணுக்கென்று பிறந்ததுதானே! 1810-ல் நேப்பிள்ஸ் ராணி கரோலின், நெப்போலியனின் தங்கை, பாரிஸில் பிரெகேயிடம் மணிக்கட்டில் கட்டும் கடிகாரத்துக்கு ஆர்டர் கொடுத்தாள். 1812-ல் முடிந்தது. அப்போது ஆண்களெல்லாம் சட்டைப்பையில் செயின் போட்டு வைத்திருந்தார்கள். முதல் உலக யுத்தத்தில் பதுங்கு குழிக்குள் பையைத் துழாவ முடியாமல் போன பிறகுதான் கையில் கட்டுவது ஆண்களிடமும் பரவியது. 1929-ல் ஜெகர்-லெகூல்த்ர் கம்பெனி பெண்களின் வாட்சுக்கென்று செய்த குட்டி மெஷினின் எடை சுமார் ஒரே கிராம்! 1953-ல் முடிசூடியபோது எலிசபெத் ராணியின் கையில் அதுதான் ஓடியது. 2010-ல் வான் க்ளீஃப் வெளியிட்ட பெண்கள் வாட்சில், பாலத்தின் மேல் குடை பிடித்த பெண் மணி காட்டுகிறாள், எதிரே வரும் ஆண் நிமிஷம் காட்டுகிறான். பன்னிரண்டு மணிக்கு இருவரும் சந்திக்கிறார்கள். அத்தனையும் ஸ்பிரிங்கின் வேலை.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னோம். சிநேகிதியின் பெண் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "பார்க்க அழகாத்தான் இருக்கும் மாமி. ஆனா அம்மா வளையலை வெச்சு வாங்கினா, அவர் மணி பார்க்கும்போதெல்லாம் எனக்கு வளையல்தானே தெரியும்?" என்றாள். அன்று ராத்திரியே மாப்பிள்ளையிடம் பேசிவிட்டாள். அவருக்கு விஷயமே தெரியாதாம். பெரியவர்கள் யாரோ சேர்த்த வரி. அவர் அப்பாவின் பழைய எச்.எம்.டி. ஒன்று பீரோவில் தூங்குகிறதாம். அதுவும் பெங்களூரில் செய்த சாவி வாட்ச்தான். "அதை சர்வீஸ் பண்ணிக் கட்டிக்கறேன்" என்றாராம். கேட்டு வாங்குவது சட்டப்படியும் குற்றம் என்பதை நாம்தான் மறந்துவிடுகிறோம்.

போன வாரம் சிநேகிதி வந்தாள். வளையல் சத்தம் முன்னால் வந்தது!

உங்கள் வீட்டு பீரோவிலும் அப்படி ஒரு வாட்ச் இருந்தால் கவனியுங்கள்: பல வருஷம் கிடந்திருந்தால் எண்ணெய் காய்ந்திருக்கும், சுத்தம் செய்து எண்ணெய் விட்ட பிறகே ஓடவிடுங்கள். பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை சர்வீஸ். தினம் ஒரே நேரத்தில், கையிலிருந்து கழற்றிச் சாவி கொடுங்கள். இறுகி நின்றதும் விட்டுவிடுங்கள். இரவு 9 மணி முதல் விடியற்காலை 3 மணி வரை தேதியைத் திருப்ப வேண்டாம். ஸ்பீக்கர், கைப்பையின் காந்தப் பூட்டு இவற்றின் அருகே வைக்காதீர்கள்; காந்தம் ஏறினால் வேகமாக ஓடும். அடுப்பங்கரை ஆவியும் வெந்நீரும் ஆகாது.

கல்யாணப் பெண் இன்னொன்றும் சொன்னாள்: "பின்னாடி ரெண்டு பேரும் சம்பாதிச்சு வாங்கறப்போ, எனக்கும் ஒண்ணு வாங்குவேன் மாமி. வைரம் வேண்டாம், ஸ்பிரிங் வெச்சது!"