ஓட்டு கேட்டு வருபவரிடம் கையெழுத்து கேளுங்கள்!

கூடுவாஞ்சேரி தோழர்களே!

பேரூராட்சியாக இருந்த நந்திவரம்–கூடுவாஞ்சேரி 2021-ல் நகராட்சி ஆனது. 2022 பிப்ரவரி 19-ல் முதல் நகராட்சித் தேர்தல். அந்த ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது. அடுத்து நிற்க நினைப்பவர்கள் இப்பவே கல்யாணம், காதுகுத்துன்னு ஒண்ணு விடாம வர ஆரம்பிச்சுட்டாங்க.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நகராட்சி கவுன்சிலருக்கு மதிப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். ஐந்து வருஷத்துக்கு 3 லட்சம். அதைவிடப் பல மடங்கு செலவு செஞ்சு ஒருத்தர் ஜெயிச்சா, போட்ட காசை எங்கே எடுப்பார்? வீட்டு வரைபட அனுமதியில், குடிநீர் இணைப்பில், ரோடு கான்ட்ராக்டில். ஜிஎஸ்டி சாலையின் இரண்டு பக்கமும் மனைப்பிரிவும் அடுக்குமாடியும் எழும்புகிற ஊரில் அதற்கு வழியா இல்லை? ஓட்டுக்கு வாங்கும் பணம் நம்மிடமிருந்தே வட்டியோடு வசூலாகும்.

எனவே எந்தக் கட்சி வேட்பாளர் வந்தாலும் இந்த ஐந்து உறுதிமொழிகளை எழுத்தில் கேளுங்கள்:

1. சொத்துக் கணக்கை வேட்புமனுவோடு நிறுத்தாமல் ஆண்டுதோறும் வெளியிடுவேன்.

2. மனைவி, மகன், மச்சான், பினாமி என யார் பேரிலும் நகராட்சி ஒப்பந்தம் எடுக்க மாட்டேன். உறவினர் சம்பந்தப்பட்ட தீர்மானத்தில் ஓட்டுப் போட மாட்டேன்.

3. வார்டில் நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் தொகை, ஒப்பந்ததாரர், முடியும் தேதி எழுதிய பலகை அந்த இடத்திலேயே இருக்கும்.

4. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏரியா சபை கூட்டி, வரவு செலவைச் சொல்வேன்.

5. பெண் கவுன்சிலர் என்றால் நாற்காலியில் அவரே உட்காருவார், கணவர் அல்ல.

இதில் எதுவும் ஆகாத காரியமில்லை. ஏரியா சபைக்கான விதிகள் 2022-லேயே வந்துவிட்டன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளில், பக்கத்துப் பம்மலில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலினே ஏரியா சபையில் கலந்துகொண்டார். உங்கள் தெருவுக்கு எத்தனை முறை கூட்டினார்கள்? ஓட்டு கேட்டு வருபவரிடம் அதையும் கேளுங்கள்.

கடைசியா ஒண்ணு. இந்தக் கேள்வியை முதலில் நம் கட்சி வேட்பாளரிடம் கேளுங்கள். "நம்மாளுதானே"ன்னு விட்டுடாதீங்க. நம்ம ஆள் கையெழுத்துப் போடத் தயங்கினால், அடுத்தவனைக் கேட்க நமக்கு வாய் ஏது?

உங்கள் வார்டு வாட்ஸ்அப் குழுவில் பகிருங்கள். பிரின்ட் எடுத்து வாசலில் ஒட்டுங்கள். ஓட்டு கேட்டு வருபவர் படிச்சுட்டு உள்ளே வரட்டும்!

#கையெழுத்து_போடுங்க_கவுன்சிலரே
#கூடுவாஞ்சேரி